கச்சேரியடிப் புடலங்காய்

நகரசபை ஆள் பெரிய கத்தரிக்கோலோடு வந்து இறங்கியபோது ரதி வாசற்படியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செம்மஞ்சள் மேலங்கி போட்ட இளந்தாரி. ட்ரக்கை ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, வீட்டுக்கு முன்னால் நிற்கும் நீலப் பலகையை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

சொறியாமல் என்ன செய்வான்? ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லையும் தாண்டி இருக்கிற ஹால்ஸ்டன் என்ற அந்தச் சின்ன ஊர் தொடங்கிய கதையைப் பொன்னெழுத்தில் சொல்லுகிற பலகை அது. அதன் இரும்புக் காலைச் சுற்றி ஒரு புடலங்கொடி ஏறியிருந்தது. ஏறி, பலகையின் தலையில் ஒரு முண்டாசு கட்டி, அங்கிருந்து நைலோன் கயிறு வழியாகத் தபால் பெட்டிவரை ஓடியிருந்தது. கயிற்றில், பலகையின் காலுக்குக் கிட்டவாக, ஆண்கள் குளிர்காலத்தில் காற்சட்டைக்கு உள்ளே போடுகிற தடித்த லோங் ஜோன்ஸின் ஒற்றைக் கால் நேராகத் தொங்கியது.

"இதெல்லாம் உங்களுடையதா?" என்று அவன் இங்கிலீசில் மரியாதையாகக் கேட்டான்.

"கொடி என்னுடையது. லோங் ஜோன்ஸ் என் புருசனுடையது. பலகை உங்களுடையது" என்றாள் ரதி, அவளும் இங்கிலீசில்.

சனிக்கிழமை ஊரின் நூற்று எழுபத்தைந்தாவது ஆண்டு விழா, மேயர் வந்து பலகையைத் திரும்பவும் திறந்துவைக்கப் போகிறார், அதற்கு முன் எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவன் விளங்கப்படுத்தினான்.

கோபம் வந்தால் ரதியின் இங்கிலீசில் பாதி கழன்று விழுந்துவிடும். எழுந்து நின்றாள். "நோ கட்டிங்! சீட் இன்சைட்!" காய்க்குள் விதை இருக்கிறது என்று சொல்ல வந்தாள்.

வெங்காயக் கத்தி கையில் இருந்ததை அவள் மறந்துபோனாள். அவன் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து ட்ரக்கில் ஏறிவிட்டான்.

கராஜுக்குள் இருந்து கணவர் இராஜரட்ணம் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, கத்தியோட நிண்டு ஆரோட கதைக்கிறீர்?"

"உந்தப் புடலங்காயை வெட்டப் போறாங்களாம்."

"அதுக்குக் கத்தியைக் காட்டினனீரோ? பொலிஸ் வந்தால் உம்மை ஆரெண்டே தெரியாது எண்டு சொல்லிப்போடுவன்."

"தொங்குறது உங்கட லோங் ஜோன்ஸ். முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்கள்."

அவர் சிரித்தார். ரதிக்குச் சிரிப்பு வரவில்லை. கொடிக்குக் கிட்டப் போய், துணிக்கு மேலால் காயைத் தடவிப் பார்த்தாள். நேற்று வானொலியில் உறைபனி எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அந்த ஒற்றைக் கால் உடுப்பு. புரட்டாசி முடிகிற நேரத்தில் கனடாவில் ஒரு புடலங்காய் கொடியில் நிற்பதே அதிசயம். அது பழுக்கவும் வேண்டும். பழுத்தால்தான் விதை. விதை கிடைக்காவிட்டால் ராசக்காவின் புடல் இந்த ஆண்டோடு சரி.

ராசக்கா என்பது இராஜேஸ்வரி. எண்பத்தொன்பதில் ரதியும் இராஜரட்ணமும் இந்த ஊருக்கு வந்தபோது இதே வீட்டின் மேல்மாடியில் இருந்தவள். அந்தக் காலத்தில் ஹால்ஸ்டனில் ஏழு தமிழ்க் குடும்பங்கள். ரொறன்ரோவில் வேலை கிடைக்காதவர்களுக்கு இங்கே காளான் பண்ணை இருந்தது. வாடகையும் குறைவு. வெயில் காணாத நீளக் கொட்டில்கள். உள்ளே எப்போதும் ஈரமும் வெக்கையும் குதிரை எருவின் நாற்றமும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ஏணிமாதிரி அடுக்கிய தட்டுகளில் ஏறி நின்று, சின்னக் கத்தியால் காளானின் அடியை வெட்டி வெட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். கை பட்டால் கன்றிவிடும், கன்றினால் சுப்பவைசர் கத்துவான். வேலை முடிந்து சண்முகலிங்கத்தின் மண்ணிற ஸ்டேசன் வேகனில் ஒன்பது பேர் மடிமேல் மடியாக ஏறி வருவார்கள். ஏறியவர்கள் எல்லாரும் இறங்குவது இந்த வீட்டு வாசலில்தான்.

ஏனென்றால் ராசக்கா யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவள். அங்கே கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை. அரசாங்க அதிபர் இருந்து மாவட்டத்தை நடத்துகிற கந்தோர். அகதி வழக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, கார் லைசன்ஸ், எதுவாக இருந்தாலும் ரதியின் குசினி மேசையில் வைத்து ராசக்காதான் நிரப்பிக் கொடுப்பாள். ஒரு பக்கம் ரதி புட்டு அவிப்பாள். புடலங்காய்ப் பால்கறியும் தகரத்தில் வருகிற ரின்மீன் பொரியலும். சாப்பிட வந்தவனும் கடதாசி நிரப்ப வந்தவனும் ஒருவரையொருவர் இடிப்பார்கள். "தள்ளுப்படாதேங்கோ! வரிசையா வாங்கோ!" என்று ராசக்கா கண்ணாடிக்கு மேலால் பார்த்து ஒரு சத்தம் போடுவாள். அப்படித்தான் வீட்டுக்குக் கச்சேரி என்று பெயர் வந்தது. பேருக்கு ஒரு விலாசம் இருந்தாலும் எல்லாரும் சொன்னது கச்சேரியடி என்றுதான்.

வாசலில் நிற்கிற நீலப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் வாசித்ததில்லை. குளிரில் நின்று வாசிக்க யாருக்கு நேரம்? நாலாம் வகுப்பில் ஒரு பாடத்துக்காக மகன் ஜெனோசன்தான் எழுதிக்கொண்டு வந்தான். முன்னொரு காலத்தில் இந்த ஊர்தான் கவுன்ரி என்கிற மாவட்டத்தின் தலைமையிடம். கோர்ட்டும் காணிக் கந்தோரும் சிறையும் இந்தச் சந்தியில்தான் இருந்தன. "அப்ப இஞ்ச உண்மையாவே கச்சேரி இருந்திருக்குதடி!" என்று ராசக்கா அன்று முழுக்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து ஒருவருடைய விண்ணப்பத்தில் பிறந்த திகதியைப் பிழையாக நிரப்பிவிட்டாள்.

பிறகு காளான் பண்ணை மூடியது. ஒவ்வொரு குடும்பமாக ஸ்காபரோ, மார்க்கம், யூனியன்வில் என்று இறங்கிப் போனது. கடைசியில் ராசக்காவும் போனாள். ரதியும் இராஜரட்ணமும் மட்டும், வீட்டை வாங்கிப்போட்டதால், தங்கிவிட்டார்கள். ஆனாலும் வைகாசி பிறந்தால் ராசக்கா எல்லாருக்கும் மெல்லிய ரிசுப் பேப்பரில் மடித்துப் புடலம்விதை அனுப்புவாள். "விதையை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் நட்டுத் தின்னுங்கோ." அவளுடைய சொல்லைக் கேட்டு எல்லாரும் தின்றார்கள். பிஞ்சிலேயே வெட்டிக் கறிவைத்தார்கள். ஒருவர்கூட ஒரு காயைப் பழுக்க விட்டதில்லை.

இந்த வருடம் மாசி மாதம் ராசக்கா செத்துப்போனாள். குசினி அலுமாரியில் போத்தலடியில் கிடந்த கொஞ்ச விதையை மகள் நிரூபா ரதியிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "அன்ரி, எனக்கு அப்பார்ட்மென்ற். பல்கனியில வெயிலும் இல்லை. நீங்களே நடுங்கோ."

ரதி பின்வளவில் நட்டாள். முளைத்த கன்றுகளை பெருச்சாளி மாதிரிக் கொழுத்த ஒரு பிராணி, கிரவுண்ட்ஹோக், ஒரே காலையில் நுனிமுதல் அடிவரை தின்றுவிட்டுப் போனது. இடமில்லை என்று முன்பக்கம் பலகையடியில் ஊன்றிய நோஞ்சான் கன்று ஒன்றுதான் தப்பியது. நகரசபைப் புல்லென்றாலும் முப்பது வருடமாக அதை வெட்டுவது இராஜரட்ணம். அதனால் அது தங்கள் வளவு இல்லை என்ற நினைப்பே ரதிக்கு வரவில்லை. பூச்சிகளை நம்பாமல், பொழுதுபடுகிற நேரம் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தானே தொட்டுவைத்தாள். அப்படியும் ஒரே ஒரு காய்தான் பிடித்தது. அது விரல் நீளத்தில் சுருளத் தொடங்கியதும், வழக்கப்படி, நுனியில் ஒரு பாரம் கட்டினாள். பலகையடியில் ஒரு செங்கல் துண்டு கிடந்தது. கைக்கு அளவாக இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் கிளிபோட் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிற கிழவர். ஜெனோசனைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன மஞ்சள் பஸ்ஸின் சாரதி. இப்போது ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். ரதியின் பருப்பு வடைக்கு அவர் முப்பது வருட வாடிக்கை. ஆனால் அன்று வடையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன கிளிபோட், உறைப்புக் கூடிப்போச்சா?" என்று இராஜரட்ணம் இங்கிலீசில் கேட்டார்.

கிழவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன் என்றார். பழைய கோர்ட் எரிந்துபோனபோது மிஞ்சியது ஒரேயொரு செங்கல் துண்டு. தகப்பனுக்குத் தகப்பன் எடுத்துவைத்தது. அதைப் பலகையடியில் சீமெந்தில் பதிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆடி மாதம் கொண்டுவந்து வைத்து அழகு பார்த்துவிட்டு, சீமெந்து எடுக்க வீட்டுக்குப் போனார். ரெலிபோன் வந்தது. கதைத்து முடித்துத் திரும்பி வந்தால் செங்கல் இல்லை.

"ரக்கூன் தூக்கியிருக்குமோ, பொடியள் தூக்கியிருப்பார்களோ தெரியாது. என்னுடைய கவனக்குறைவு. வெட்கத்தில் யாரிடமும் கேட்கவும் இல்லை. நாளைமறுநாள் மேயருக்கு எதைக் காட்டுவேன்?"

இராஜரட்ணம் வடையை மெல்லுவதை நிறுத்தினார். முகத்தைக் கிழவர் பக்கமே வைத்துக்கொண்டு, தமிழில் மெல்லக் கேட்டார்.

"இஞ்சேரும். புடலங்காயில கட்டினது கல்லோ, செங்கல்லோ?"

"பேசாமல் வடையைத் தின்னுங்கோ."

"ரதி."

"செங்கல்தான்."

"எங்கயிருந்து எடுத்தனீர்?"

"போர்ட்டடியில கிடந்தது. கிடந்ததைத்தானே எடுத்தன். ஆரோ வைச்சது எண்டு எனக்கென்ன சாத்திரமே தெரியும்?"

"ஐயோ கடவுளே. சரி, சரி, முகத்தைச் சாதாரணமா வைச்சிரும். மனுசன் போனாப்பிறகு அவிழ்த்துப் புல்லுக்குள்ள போட்டுவிடுவம். நாளைக்கு நான் புல்லு வெட்டேக்க கண்டெடுத்தது எண்டு சொல்லுறன்."

நல்ல யோசனைதான். ரதி ஒரு நிமிடம் அதோடு இருந்தும் பார்த்தாள். எதிரே கிழவர் கடிக்காத வடையோடு இருந்தார். ஜெனோசனுக்கு அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் கொப்புளமாக, பஸ் ஏற முடியாமல் கிடந்த வாரம், பள்ளிக்கூட வேலைகளைத் தினமும் பஸ்ஸை நிறுத்திக் கொண்டுவந்து வாசலில் வைத்த மனிதர்.

"கம், கிளிபோட்" என்று எழுந்தாள்.

பலகையடிக்குக் கூட்டிக்கொண்டு போய், லோங் ஜோன்ஸின் காலை முழங்கால்வரை சுருட்டுவதுபோலக் கீழிருந்து மேலே சுருட்டினாள். முதலில் தெரிந்தது செங்கல். சணல் கயிற்றால் நாலு பக்கமும் வரிந்து கட்டிய, ஒரு மூலை கருகிய செங்கல். அதற்கு மேல் ஒரு முழத்துக்குக் காய். பச்சைக் கோடுகள் மங்கி, அடியில் இருந்து செம்மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

கிளிபோட் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எதற்காகக் கட்டினாய்?"

"கட்டாவிட்டால் வளைஞ்சு போகும். நேரா வளரத்தான்."

கிழவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பிறகு சத்தம் வந்தது. பலகையின் காலைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார். "இந்தச் செங்கல் நாலு வருடம் கோர்ட்டாக இருந்தது, ரதி. ஒரு மனிதனைக்கூட நேராக்கியதாகச் சரித்திரம் இல்லை."

இராஜரட்ணம் அப்போதுதான் கையில் இருந்த மிச்ச வடையைக் கடித்தார்.

ரதி செங்கல்லை அவிழ்த்து, சேலைத் தலைப்பு இல்லாததால் சுவெட்டரில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். பிறகு தன் வழக்கைச் சொன்னாள். ராசக்கா யார், விதை என்ன, ஏன் இந்த ஒரு காய். கிழவருக்கு ராசக்காவை ஞாபகம் இருந்தது. "மாடி ஜன்னலில் இருந்து பஸ்ஸுக்குக் கை காட்டுவாளே, கண்ணாடிக்காரி." வெட்டுகிறவனைத் தான் மறிக்கிறேன் என்றார். பலகையை மூடப் பெரிய துணியாகப் போட்டுக் கொடியையும் சேர்த்து மூடிவிடலாம் என்றார். ஆனால் மேயர் துணியை இழுத்த பிறகு நடப்பது அவர் கையில் இல்லை.

"இன்னொரு கிழமை வேணும்" என்றாள் ரதி தமிழில், தனக்குத்தானே.

போகும்போது கிளிபோட் திரும்பி நின்றார். "கதிரை நிறையப் போடுகிறோம். வர ஆள்தான் இல்லை. பழைய ஹால்ஸ்டன்காரர் எல்லாம் செத்துப்போனார்கள் அல்லது போய்விட்டார்கள்."

அன்றிரவே ரதி ரெலிபோனைத் தூக்கினாள். "சண்முகலிங்கண்ணையே? சனிக்கிழமை கச்சேரியடிக்கு வாங்கோ. ஓமோம், கட்டாயம். இல்லையில்லை, ஒரு செத்தவீடும் இல்லை. சும்மா வாங்கோ."

சனிக்கிழமை காலையில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. ரதி காப்பிகூடக் குடிக்காமல் ஓடிப்போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தாள். இலைகள் கருகிச் சோர்ந்திருந்தன. காய் மட்டும் உடுப்புக்குள் சூடாகத் தொங்கியது. இரண்டு நாள் வெயிலில் செம்மஞ்சள் கழுத்துவரை ஏறியிருந்தது. விழாவுக்கு அழகில்லை என்று இராஜரட்ணம் லோங் ஜோன்ஸை உருவி எடுத்தார்.

பத்து மணிக்கு முதல் கார் வந்தது. பிறகு நிற்கவில்லை. மார்க்கத்தில் இருந்து, யூனியன்வில்லில் இருந்து, ஸ்காபரோவில் இருந்து. சண்முகலிங்கம் பெரிய வெள்ளை வானில் வந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இஞ்ச பார், அந்த நாளில ஒன்பது பேரை ஏத்தினன். இப்ப நான் ஒருத்தன் இறங்க ரெண்டு பேர் வேணும்." அவருடைய மனைவி ரோல்ஸ் தட்டுகளை இறக்கினாள். நிரூபா தாயின் படத்தைக் கைப்பைக்குள் வைத்திருந்தாள், வெளியே எடுக்கவில்லை.

"அந்தக் காளான் மணம் இன்னும் அடிக்குதடா" என்றார் ஒருவர், மூக்கை உறிஞ்சி.

"அது உன்ர ஜக்கெற். முப்பது வருசமாத் தோய்க்கேல்லை."

"குசினி மேசை இருக்குதே, ரதி?"

"இருக்குது அண்ணை. ஒரு கால் ஆடும்."

"அப்பவும் ஆடினதுதானே. ராசக்கா என்ர அகதிக் கேஸ் எழுதேக்க ஆடி, எழுத்தெல்லாம் நடுங்கினமாதிரி. ஜட்ஜ் நினைச்சிருப்பார், பாவம், பயந்துபோன மனுசன் எண்டு."

கதிரைகள் நிரம்பி, பின்னால் புல்லிலும் ஆட்கள் நின்றார்கள். கிளிபோட் இத்தனை தலைகளைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேயர் ஓர் உயரமான பெண்மணி. பலகையில் உள்ளதைக் கடதாசியில் இருந்து வாசித்தார்: இவ்விடத்தில் கவுன்ரியின் தலைமையிடம் நிறுவப்பட்டது, நாலு ஆண்டுகளின் பின் அது தெற்கே உள்ள பெரிய நகரத்துக்கு மாற்றப்பட்டது.

"எங்கட மாதிரித்தான்" என்று சண்முகலிங்கம் இரகசியம் என்று நினைத்துப் பலமாகச் சொன்னார். "கச்சேரி ஸ்காபரோவுக்கு எழும்பிப் போச்சு."

மேயர் துணியைப் பிடித்து இழுத்தார். துணி வரவில்லை. கொடியில் சிக்கியிருந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு இழுவை இழுத்தார்.

நைலோன் கயிறு துள்ளியது. காய் அறுந்து, செங்கல் பதித்த புதுச் சீமெந்தின்மேல் விழுந்து, நீளவாக்கில் வெடித்தது. உள்ளிருந்த சிவப்பு, மேயரின் காலில் இருந்த வெள்ளைச் சப்பாத்தில் தெறித்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா இரத்தம் என்று நினைத்து "ஓ!" என்றாள்.

ரதி நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. எல்லாருக்கும் முன்னால் பலகையடியில் முழங்காலில் இருந்தாள். பின்னால் ஜெனோசன் குனிந்து, "அம்மா, பிளீஸ், எவ்ரிபடி இஸ் வோச்சிங்" என்றான்.

"பாக்கட்டும்."

விரலை விட்டு, வழவழத்த சிவப்புச் சதையை வழித்தாள். உள்ளே விதைகள் இருந்தன. ஆனால் இருந்தால் போதாது. முற்றாத விதையும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். ஒன்றை எடுத்துச் சுவெட்டரில் துடைத்தாள். பிற்பற்களுக்கு நடுவே வைத்தாள். ராசக்கா செய்வது அப்படித்தான். பல் இறங்கினால் குப்பைக்கு, இறங்காவிட்டால் மண்ணுக்கு.

கடித்தாள்.

கூட்டம் முழுக்க அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இராஜரட்ணம் தொப்பியைக் கையில் கசக்கினார்.

இன்னும் அழுத்திக் கடித்தாள். தாடை நொந்தது. விதையை வாயில் இருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"இறங்கேல்லை" என்றாள். பிறகு கத்தினாள். "நிரூபா, பல்லு இறங்கேல்லையடி!"

அதன்பிறகு விழா என்று ஒன்று இருக்கவில்லை. நிரூபா புல்லிலேயே குந்தி இருந்து அழுதாள், சிரித்தாள். கதிரைகள் சரிந்தன. "எனக்கு ரெண்டு தா, ரதி!" "எனக்கும் பிள்ளை!" "அண்ணை, நீங்கள் யூனியன்வில்லில வளவெல்லாம் சீமெந்து போட்டு வைச்சிருக்கிறியள், எங்க நடப்போறியள்?" "உடைப்பன் ஐசே!" என்று சண்முகலிங்கம் முழங்காலை மறந்து முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார். நாலு பக்கமும் கைகள் நீண்டன.

ரதி உள்ளங்கையை மூடிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தள்ளுப்படாதேங்கோ! வரிசையா வாங்கோ!"

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்கு விளங்கியது. மற்றவர்களுக்கும் விளங்கியது. சண்முகலிங்கம் முதலில் பின்வாங்கி, நீலப் பலகையில் தொடங்கித் தபால் பெட்டிப் பக்கமாக நேராக நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. பிறகு ஒவ்வொருவராக. விதை கொடுப்பது தன் மனைவியாகவே இருந்தும் இராஜரட்ணமும் போய் நின்றார்.

"முதல் காயைத் தின்னக் கூடாது. விதைக்கு விடோணும்" என்று ஒவ்வொரு கையிலும் வைக்கும்போது சொன்னாள். "இனி எல்லாற்ற வீட்டிலயும் விதை இருக்கோணும். ஓமோ?"

"ஓம்" என்றார்கள், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரிப் பயபக்தியாக.

மேயர் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு ஜெனோசனின் பக்கம் வந்தார். என்ன வரிசை இது, எதற்காக நிற்கிறார்கள் என்று கேட்டார். ஜெனோசன் பலகையைப் பார்த்தான். தாயைப் பார்த்தான்.

"கவுன்ரி ஒஃபிஸ், மேடம்" என்றான். "இட்ஸ் ஓப்பின் டுடே."

மேயர் ஒரு கணம் யோசித்தார். பிறகு போய், வரிசையின் கடைசியில் கையை நீட்டியபடி நின்ற கிளிபோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.